தினமும் புடவை கட்ட ஆசையா? சுடிதாரை விடாமலே தொடங்கலாம்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, இந்த வெயில்ல, பஸ் கூட்டத்துல, எப்படி தினமும் புடவையில வர்றீங்க?" நான் சொல்லும் பதில்: புடவை கஷ்டமில்லை, நீங்கள் இதுவரை கட்டிப் பார்த்த புடவைதான் கஷ்டம். பெரும்பாலானவர்களுக்கு முதல் புடவை என்பது அத்தை கல்யாணத்துக்குக் கட்டிய கனமான பட்டு, இல்லாவிட்டால் கல்லூரி பிரிவு உபசார விழாவுக்குக் கட்டிய கல் பதித்த ஜார்ஜெட். அம்மாவின் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்து, பத்துப் பதினைந்து ஊக்கு குத்தி, சாயங்காலம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு புடவை நமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்துவிடுகிறோம். தினப்படி கட்டும் பருத்திப் புடவை முற்றிலும் வேறு சமாச்சாரம்.

இது பள்ளி, கல்லூரி முழுக்கச் சுடிதார், லெக்கிங்ஸ், ஜீன்ஸ் என்று இருந்துவிட்டு, இப்போது வாரத்தில் இரண்டு நாளாவது புடவை கட்டிப் பார்க்கலாமா என்று நினைப்பவர்களுக்காக எழுதுவது. சுடிதாரை மூட்டை கட்டி வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. நானே மழை நாளிலும், வண்டியில் தூரம் போகவேண்டிய நாளிலும் சுடிதார்தான்.

முதலில் உங்கள் நாளைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன்பு, நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை, வகுப்பில் நின்று பாடம் நடத்துவது, பஸ்ஸில் உட்கார்ந்து போவது, இதற்கெல்லாம் புடவை நன்றாகவே ஒத்துழைக்கும். ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் முந்தானையும் ஆபத்து, துப்பட்டாவும் ஆபத்து. அங்கே பேன்ட், சட்டை, மேலே ஓவர்கோட்தான் சரி. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டும் புடவையும் போல வசதி வேறு எதிலும் இல்லை, குர்த்தி என்றால் அதற்கென்றே ஜிப் வைத்ததைத் தேடவேண்டும்.

இருசக்கர வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பின் சக்கரத்தைப் பாதியளவாவது மறைக்கிற தடுப்பு வண்டியில் இருக்கவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. நாம் சாரி கார்டு என்று சொல்வது அதைத்தான். அழகாக இல்லை என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்ட பைக்கில் பின்னால் உட்காராதீர்கள். முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருங்கள். சுடிதார் போட்டால் இந்தப் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் துப்பட்டாவை மறந்துவிடுகிறார்கள். கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவின் நுனி சக்கரத்தில் மாட்டினால் கழுத்தையே இறுக்கிவிடும், புடவையைவிட இது மோசம். குறுக்காகப் போட்டு இடுப்புப் பக்கம் முடிச்சுப் போடுங்கள், அல்லது மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கியபிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலக விதி என்ன என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு வேலை என்றால் புடவைதான் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். தமிழ்நாடு அரசு 2019-ல் தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட ஆணையிலேயே புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் எல்லாமே அனுமதிக்கப்பட்டவைதான். புடவை மட்டும்தான் என்று பிடிவாதமாக இருப்பவை பெரும்பாலும் தனியார் பள்ளிகள். நான் முதலில் வேலை பார்த்த பள்ளி அப்படிப்பட்டது. ஆடி மாதக் காற்றில் மாடிப்படி ஏறி இறங்கி, சிந்தெடிக் புடவை உடம்போடு ஒட்டி, வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி எறிவேன், இரண்டு வருஷம் புடவை என்றாலே வெறுப்பு. அந்த வேலையை விட்டு ஒரு வருஷம் கழித்து, யாரும் சொல்லாமல், அம்மாவின் பழைய சுங்குடி ஒன்றை எடுத்துக் கட்டியபோதுதான் எனக்கு அது பிடித்தது.

அதனால் "நம்ம பாரம்பரியம், கட்டித்தான் ஆகணும்" என்று யாராவது சொன்னால், அதற்காக மட்டும் கட்டாதீர்கள். இன்று நாம் கட்டுகிற மாதிரி, உள்பாவாடை, ஜாக்கெட், முன்கொசுவம், இடது தோளில் முந்தானை என்பது எல்லா வீட்டுக்கும் பொதுவானது கடந்த நூறு வருஷ வாக்கில்தான். என் ஆச்சி கட்டியது பின்கொசுவம், அவர் காலத்துக் கிராமத்தில் ரவிக்கை போடாத கிழவிகள் ஏராளம். தாவணி போட்டுக் கல்லூரிக்குப் போன தலைமுறைக்கு அடுத்துச் சுடிதார் வந்தபோது அதையும் "வடநாட்டு உடுப்பு" என்றார்கள். இன்று கோயிலுக்குச் சுடிதார் போட்டுப் போனால் அடக்கமான பெண் என்கிறார்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை போட 1859 வரை போராட வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது இன்றும் வீட்டுக் கதை. பெண் எதை உடுத்தலாம் என்று ஊர் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. உங்களுக்குப் பிடித்தால் கட்டுங்கள், அதுவே போதுமான காரணம்.

துணிதான் எல்லாமே

புடவையா சுடிதாரா என்பதற்கு முன்பு பருத்தியா பாலியஸ்டரா என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலில் சுகமா அவஸ்தையா என்பதைத் தீர்மானிப்பது உடுப்பு இல்லை, நூல். பருத்தி வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும், பாலியஸ்டர் உறிஞ்சாது. "காட்டன் மிக்ஸ்" என்று கடையில் சொன்னால் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் சிபாரிசு மதுரைச் சுங்குடி. மெல்லிசு, லேசு, கொசுவம் சொன்ன இடத்தில் நிற்கும், வெயிலுக்கு இதமாக இருக்கும். உண்மையான சுங்குடி என்பது மதுரையின் சௌராஷ்டிரக் குடும்பங்கள் துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பது. முடிச்சவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும், ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இருக்காது. 2005-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடைகளில் சுங்குடி என்று குறைந்த விலைக்கு வருவதில் பெரும்பாலானவை புள்ளியை அச்சடித்தவை. தினப்படிக்கு அச்சுப் புள்ளி வாங்கினால் தப்பில்லை, முடிச்சுச் சுங்குடியின் விலையைக் கொடுத்து அச்சுப் புள்ளியை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

செட்டிநாட்டுக் கண்டாங்கி எனக்கு உயிர். கட்டமும் பட்டைக் கரையும், அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமாகப் பார்க்கவே கம்பீரம். ஆனால் அது கனமான துணி, புதிதில் விறைப்பாக நிற்கும், இடுப்பில் கொசுவம் பருமனாகத் தெரியும். பத்துத் தடவை துவைத்தபிறகுதான் அது உங்கள் உடம்புக்கு வரும். அதனால் கண்டாங்கியை நான்காவது ஐந்தாவது புடவையாக வாங்குங்கள், முதல் புடவையாக வேண்டாம். நெகமம், கோயம்புத்தூர் கோரா காட்டன், ஆந்திராவின் மங்களகிரி எல்லாம் நல்லவை. மங்களகிரி மட்டும் சற்றுக் கெட்டி. கேரளத்துக் கசவு கண்ணுக்கு அழகு, ஆனால் வெள்ளை, பஸ்ஸில் போகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.

கைத்தறி வேண்டுமென்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1935-லிருந்து இருக்கும் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் ஊர் ஊராகப் பிரித்து வைத்திருப்பார்கள், தொட்டுப் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் தெரியாது. தீபாவளிச் சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. கைத்தறி வாங்க வசதி இல்லையென்றால் விசைத்தறிப் பருத்தியில் தொடங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீளத்தைக் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள். ஆறு கஜம் என்றால் ஏறத்தாழ 5.5 மீட்டர்; ஜாக்கெட் துணியோடு சேர்த்து 6.2 மீட்டர் வாக்கில் வரும். மலிவான விசைத்தறிப் புடவைகளில் அரை மீட்டர் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதைக் கட்டினால் நாலு கொசுவத்துக்கு மேல் வராது, நடக்கும்போது கால் தட்டும், நமக்குத்தான் கட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வோம். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்களும் உயரமானவர்களும் ஜாக்கெட் துணியை வெட்டாமல் புடவையோடே விட்டுவிட்டு, ஜாக்கெட்டைத் தனியாக எடுங்கள்.

மூன்று புடவை போதும் ஆரம்பத்துக்கு. நூறு முறை கட்டினால்தான் கை பழகும், நூறு புடவை வாங்கினால் பழகாது.

ஜாக்கெட்டும் பாவாடையும்

புடவை அசௌகரியம் என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையான பிரச்சினை ஜாக்கெட். தினப்படிக்கு, ஜாக்கெட்டுக்கென்றே வரும் டூ பை டூ துணியில் கறுப்பு, அரக்கு, சந்தன நிறம் என மூன்று ஜாக்கெட் தைத்துவிட்டால் எந்தப் புடவைக்கும் ஏதாவது ஒன்று சேரும். கை முழங்கைக்குச் சற்று மேலே, கழுத்து அளவோடு, பின்பக்கம் கயிறு குஞ்சம் எதுவும் வேண்டாம். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்பு அசையாமல் நிற்காதீர்கள். பஸ் கம்பியைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்குங்கள், கரும்பலகையில் எழுதுவதுபோல நீட்டுங்கள், குனிந்து செருப்பை எடுங்கள். கைக்குழி பிடித்தால் அங்கேயே சொல்லித் திருத்துங்கள். இரண்டு பக்கமும் உள்தையலில் ஓர் அங்குலம் துணி விடச் சொல்லவேண்டும், உடம்பு ஏறும் இறங்கும், பிரித்துத் தைக்க அது வேண்டும்.

உள்பாவாடை பருத்தியாக, புடவை நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்ததாக, கணுக்காலுக்கு மேல் நிற்பதாக இருக்கட்டும். வழுவழுப்பான சாட்டின் பாவாடையில் பருத்திப் புடவை நிற்காது. நாடா பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். புடவை அவிழ்ந்துவிடும் பயத்தில் எல்லோரும் நாடாவை இறுக்குகிறோம், அதுவும் தினமும் ஒரே இடத்தில். அந்த இடம் கறுத்து, அரித்து, தோல் உரிந்து புண்ணாகும். வருஷக்கணக்கில் ஆறாமல் கிடந்த புண் மிக அரிதாகப் புற்றுநோய்வரை போனதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மெல்லிய கயிறு வேண்டாம், இரண்டு விரல் அகலப் பட்டை வைத்த பாவாடையைக் கேட்டு வாங்குங்கள், முடிச்சை ஒருநாள் வலம் ஒருநாள் இடம் என்று மாற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் களிம்பு தடவிக்கொண்டே காலம் ஓட்டாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஃபால்ஸ், அதாவது புடவையின் அடிக்கரையில் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டைத் துணி, தைப்பதில் ஒரு சின்ன விஷயம். ஃபால்ஸ் துணி பருத்தி, நனைந்தால் சுருங்கும். அப்படியே தைத்துவிட்டால் முதல் துவைப்பில் கரை முழுக்கச் சுருக்கம் விழுந்து இழுக்கும். ஃபால்ஸையும் புடவையையும் தனித்தனியாக ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள்.

கட்டுவது

ஞாயிற்றுக்கிழமை, அவசரமில்லாத ஒரு நேரத்தில் பழகுங்கள். திங்கட்கிழமைக் காலை ஏழரைக்குப் பழகக்கூடாது.

முதலில் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், உயரம் அதை வைத்துத்தான். முந்தானை இல்லாத நுனியைத் தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம் செருகி, இடப்பக்கமாகக் கொண்டுபோய், முதுகைச் சுற்றி, மறுபடி வலப்பக்கம் கொண்டுவந்து ஒரு சுற்று முடியுங்கள். அடி ஓரம் தரையை லேசாகத் தொடுகிற மட்டத்தில் சுற்றிலும் செருகிக்கொண்டே வாருங்கள். இங்கே அம்மாக்கள் கொசுவத்துக்குப் போவார்கள். புதியவர்கள் முந்தானைக்குப் போங்கள், அதுதான் எளிது. முந்தானையை நாலைந்து மடிப்பாக மடித்து, இடப்பக்கமிருந்து பின்னால் சுற்றி, வலது கையின் கீழாக முன்னால் கொண்டுவந்து, இடது தோளில் போட்டு, பின்னால் முழங்கால் வரை தொங்கவிட்டு ஜாக்கெட்டோடு ஓர் ஊக்கு குத்துங்கள். இப்போது முன்னால் மிச்சமாகத் தொங்குகிற துணிதான் கொசுவம். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே விரித்த அளவில் ஐந்து முதல் ஏழு மடிப்பு வரும். மேல்விளிம்பை ஒன்றாகச் சேர்த்து, உள்பக்கம் ஓர் ஊக்கு குத்தி, மடிப்புகள் இடப்பக்கம் பார்க்க, தொப்புளுக்குச் சற்று இடப்பக்கம் செருகிவிடுங்கள். கடைசியாகக் குனிந்து கொசுவத்தின் அடியை ஒவ்வொன்றாக நீவி இழுத்துவிடவேண்டும். வீட்டில் யாராவது இருந்தால் இழுத்துவிடச் சொல்லுங்கள், பாதி அழகு அதில்தான் வருகிறது.

மொத்தம் இரண்டு ஊக்கு, மிஞ்சினால் மூன்று. எங்கும் அசையாமல் பத்து ஊக்கு குத்திவிட்டால், உட்காரும்போது துணி இழுபட்டுக் கிழியும். பருத்தி உடம்போடு சேர்ந்து கொஞ்சம் நகரவேண்டும், நகர்ந்து தானாகவே உட்கார்ந்துகொள்ளும். கட்டியபிறகு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் வேலை பாருங்கள், மாடி ஏறி இறங்குங்கள், சம்மணம் போட்டு உட்காருங்கள், கழிப்பறைக்கும் போய்வாருங்கள். பலருக்குப் பயமே அதில்தான் இருக்கிறது. கொசுவத்தோடு சேர்த்து முழுதாக மேலே தூக்கிப் பிடித்தால் போதும், எதுவும் அவிழாது.

சுடிதார் நாட்கள்

சுடிதாரிலும் இதே கணக்குத்தான். லைக்ரா லெக்கிங்ஸ் மே மாதத்துக்கு ஆகாது. தளர்வான பருத்தி பேன்ட் அல்லது பலாசோ எடுங்கள். துணி எடுத்துத் தைப்பவராக இருந்தால் டெய்லரிடம் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள், வெட்கப்படாமல், இரண்டு பக்கமும், கைபேசி முழுதாக உள்ளே போகிற ஆழத்தில். புடவையில் இல்லாத ஒரே பெரிய வசதி அது, அதையும் ஏன் விடவேண்டும்? சுங்குடியிலும் மங்களகிரியிலும் சுடிதார் துணியாகவே கிடைக்கிறது, கைத்தறி நூலை உடுத்தப் புடவைதான் வழி என்றில்லை.

கோயில்களில் விதி ஊருக்கு ஊர் மாறும். திருமலையில் துப்பட்டாவுடன் சுடிதார் போட்டால் போதும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதாருக்கு மேல் முண்டு சுற்றிக்கொண்டுதான் உள்ளே போகமுடியும். வெளியூர்க் கோயிலுக்குக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நைட்டி. அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டாம். பருத்தி நைட்டி போல அடுப்படி வெக்கைக்கு ஏற்ற உடுப்பு நம் பெண்களுக்கு இதற்கு முன் கிடைத்ததே இல்லை.

துவைப்பதும் கஞ்சியும்

புதுப் புடவையின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் முதல் மூன்று நாலு தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், ஊறவைக்கவே வேண்டாம். கல் உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று எங்கள் வீட்டிலும் போடுவோம், ஆனால் அதை நம்பி மற்ற துணியோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

கஞ்சிக்குக் கடைப் பொடி தேவையில்லை. வடித்த சோற்றுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, அதைப்போல நாலு மடங்கு தண்ணீர் சேர்த்து, அலசிய புடவையை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். கெட்டியாகப் போட்டால் புடவை குடைபோல விரிந்து நிற்கும், புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அதை அடக்கத் தெரியாது, நீர்க்கப் போடுங்கள். தேய்க்கும் முன் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரைமணி வைத்தால் சுருக்கம் சுலபமாகப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கஞ்சியே வேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நாள்பட எடுத்து வைக்கப்போகிற புடவையையும் கஞ்சி இல்லாமல்தான் வைக்கவேண்டும், கஞ்சி வாசனைக்குப் பூச்சி வரும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊக்குகளை எடுத்து டப்பாவில் போடுங்கள், ஊக்கோடு நனைந்த துணியில் விழுகிற துருக் கறை போகவே போகாது. புடவையை உடனே மடிக்காமல் வேர்வை உலரும்வரை கொடியில் காற்றாட விடுங்கள். அதிகம் வேர்க்காத நாளென்றால் இரண்டாம் தடவையும் கட்டலாம், அப்போதுதான் துணி கொஞ்சம் தளர்ந்து கட்டுவதற்கு இன்னும் சுகமாக இருக்கும். அப்புறம் மடிக்கும்போது எப்போதும் ஒரே மடிப்பில் மடிக்காமல், மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். பருத்தி முதலில் நைந்துபோவது மடிப்பில்தான்.